மதிப்பிட்டவர் சொன்ன சொல்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று அதைக் காட்டுவார்கள். சற்று உயரத்தில் மேட்டழகிய சிங்கர் சந்நிதி. இரணியன் வதைப் படலத்தை அவையோர் ஏற்கத் தயங்கியபோது அந்த நரசிங்கமே தலையசைத்து ஒப்புக்கொண்டது என்பது கதை. கதையின் வரலாற்றுப் பெறுமானத்தைப் பற்றி இங்கே விவாதிக்கப் போவதில்லை. அரங்கேற்றம் நிகழ்ந்த ஆண்டு குறித்தே அறிஞர்களிடையே சில நூற்றாண்டு வேறுபாடு உண்டு. என் கவனம் வேறொன்றில். தமிழ்ச் சமூகம் ஒரு மனிதரின் வித்தையை எவ்வாறு மதிப்பிட்டது, மதிப்பிட்டபின் அவரிடம் என்ன சொன்னது என்பதற்கு இந்தக் கதையைவிடச் செறிவான சான்று கிடைப்பது அரிது.

வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரி வழியாகப் பலர் படித்த அந்தக் கதையில், கம்பருக்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. முதலாவது, தில்லை மூவாயிரவரின் சம்மதம் பெற்று வா என்பது. அவர்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடுவது நடவாத காரியம். பாம்பு தீண்டி ஒரு பிள்ளை இறந்து, அதன் பொருட்டு அவர்கள் கூடியபோதுதான் கம்பரால் அவர்களைச் சந்திக்க முடிந்தது என்று கதை போகிறது. இந்தப் பதிலில் நூலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பதில் சிங்கத்தின் தலையசைப்பு. அது தீர்ப்பு. மகத்தான தீர்ப்புதான், ஆனால் அதிலிருந்து கவிஞர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

நடுவில் வரும் பதிலை நாம் அதிகம் பேசுவதில்லை. தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலை நூறு பாட்டுக்கு ஒரு முறை கம்பர் பாடியிருந்தாராம். பெருமாளின் கதையில் மானிடனை இத்தனை முறை புகழ்வது தகாது என்று அவையோர் சொன்னார்களாம். அப்படியானால் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைக்கிறேன், அவர் நூற்றில் ஒருவர் அல்லர், ஆயிரத்தில் ஒருவர் என்றாகட்டும் என்று கம்பர் ஏற்றுக்கொண்டாராம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சடையப்பரைப் பற்றிய குறிப்பு ஏறக்குறையப் பத்து இடங்களில் வருவதைக் கண்டவர்கள் அந்தக் கணக்குக்கு ஏற்பப் பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம். இருந்தாலும் கட்டியவர் விஷயம் தெரிந்தவர். அந்த ஆட்சேபம் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டியது. எங்கே, எத்தனை முறை, ஏன் என்று சொன்னது. கேட்டவரால் அன்றைக்கே செய்யக்கூடியதாகவும் இருந்தது. அவர் அதைச் செய்தபோது நூலும் கெடவில்லை, அவருடைய நன்றியும் குறையவில்லை.

கம்பர் கவிஞர். கவிஞரை மதிப்பிட்டால் நூல் நிற்குமா விழுமா என்பதோடு முடிந்துவிடும். நாளைக்கு மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறவரை மதிப்பிடுவது இன்னும் சிக்கலானது. அவருக்குத் தெரியுமா என்பது பாதிக் கேள்விதான். தெரிந்ததை அவரால் இன்னொருவருக்குக் கடத்த முடியுமா என்பது மறுபாதி. உலகெங்கும் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் இந்தத் தலைவலி உண்டு. பனிமலைகளில் பலகை கட்டிச் சறுக்கும் விளையாட்டுக்குப் பயிற்றுநராக விரும்புகிறவர்களைக்கூட, அவர்கள் எப்படிச் சறுக்குகிறார்கள் என்பதைத் தனியாகவும் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைத் தனியாகவும் பார்க்கிறார்கள். காரணம் எளியது. அழகாகச் சறுக்குகிற ஒருவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்பதே தெரியாமல் இருக்கலாம்.

இந்த இரண்டு பாதிகளையும் ஒருசேரக் கண்டுகொண்ட ஒரு மதிப்பீட்டை ஸ்ரீரங்கத்து வைணவ குருபரம்பரை நினைவில் வைத்திருக்கிறது. பராசர பட்டரின் சீடரான நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்ற உரையைச் செய்தார். படி என்பது 32 எழுத்துக்கள் கொண்ட ஓர் அளவு. உரையின் பெயரே அதன் நீளம். அதை நல்ல ஏட்டில் பிரதி செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. நம்பூர் வரதராசர் என்ற இளைஞரைச் சீடர்கள் பரிந்துரைத்தார்கள். நஞ்சீயர் முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் எழுதிக் காட்டச் சொன்னார். கையெழுத்து நன்றாக இருந்தது. ஆனாலும் அவர் தயங்கினார். திருவாய்மொழி உரையை எழுதுகிறவர் எழுத்தர் மட்டுமாக இருந்தால் போதுமா என்பது அவர் தயக்கம். தேவரீர் திருவுள்ளப்படி என்னைத் திருத்திப் பணிகொள்ள வேண்டும் என்று இளைஞர் வேண்டிக்கொண்டார். நஞ்சீயர் அவரைச் சீடராக்கிக்கொண்டு, உரை முழுவதையும் ஒரு தடவை அவருக்குச் சொல்லிவிட்டுப் பிறகே ஏட்டைக் கையில் கொடுத்தார்.

இதற்குப் பின் நடந்ததுதான் எல்லாரும் அறிந்த பகுதி. ஊருக்குப் போய் எழுதி வருகிறேன் என்று புறப்பட்டவர் காவிரியில் நீந்திக் கடக்கும்போது வெள்ளம் வந்தது. தலையில் கட்டியிருந்த ஏடு ஆற்றோடு போயிற்று. கரையேறியவர், ஒரே ஒரு முறை கேட்டதை நினைவிலிருந்து முழுக்க எழுதினார். தமிழில் வல்லவரானதால் சில இடங்களில் தமக்குத் தோன்றிய பொருள் விசேஷங்களையும் சேர்த்துவிட்டார். ஏடு தொலைந்ததைச் சொல்லாமலே ஆசாரியர் கையில் கொடுத்தார்.

நஞ்சீயர் பிரித்துப் பார்த்தார். தாம் எழுதியதுதான், ஆனால் தாம் எழுதாததும் இருக்கிறது. இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. பிரதி செய்யக் கொடுத்த நூலில் எழுத்தர் கைவைத்திருக்கிறார் என்றால் கோபம் வருவதற்கு எல்லா நியாயமும் உண்டு. மூலம் சிதைந்துவிட்டது என்று ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். நஞ்சீயர் முதலில் கேட்டார். பல இடங்கள் நாம் எழுதியபடி இருக்கின்றன, சில இடங்களில் புதிதாக அரும்பொருள்கள் இருக்கின்றன, இது எப்படி என்று. இளைஞர் பயந்து பேசாமல் நின்றார். அஞ்சாமல் சொல் என்று தேற்றியபிறகுதான் வெள்ளத்தின் கதை வெளிவந்தது. கேட்டு முடித்ததும் இவர் நம்முடைய பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வரதராசர் நம்பிள்ளை. பின்னாளில் ஸ்ரீரங்கத்தில் அவர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லும்போது கூடும் கூட்டத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு.

பெயர் சூட்டியது அன்பின் வெளிப்பாடு என்று மட்டும் இதை வாசிப்பது வழக்கம். ஆனால் அன்புக்கு முன்னால் ஒரு வேலை நடந்திருக்கிறது. நஞ்சீயரால் எந்த இடம் தம்முடையது, எந்த இடம் மாணவருடையது என்று பிரிக்க முடிந்தது. ஒன்பதினாயிரம் படியில் அதைச் செய்வதற்குத் தம் நூலை வரி வரியாக அறிந்திருக்க வேண்டும், கொண்டுவந்ததையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். மேலோட்டமாகப் புரட்டிவிட்டு நன்று என்று சொல்கிறவருக்கு அந்த வித்தியாசமே தெரிந்திருக்காது. இரண்டாவது, பிழை என்று கருதத்தக்க ஒன்று நிகழ்ந்த விதத்தை அவர் விசாரித்தார். விசாரித்திருக்காவிட்டால் நினைவாற்றலும் புலமையும் கொண்ட ஒரு உரையாசிரியர் வெறும் கவனக்குறைவான எழுத்தராக வெளியே அனுப்பப்பட்டிருப்பார்.

இதே நம்பிள்ளை தாம் மதிப்பிடும் இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார் என்பது சுவையான முரண். பெரியவாச்சான் பிள்ளையைத் திருவாய்மொழிக்கு உரை எழுதுமாறு பணித்தார்; அது இருபத்துநாலாயிரப்படி ஆயிற்று. ஆனால் பகலில் தாம் சொன்னதையெல்லாம் இரவில் ஏட்டில் எழுதிவைத்த வடக்குத் திருவீதிப் பிள்ளையின் முப்பத்தாறாயிரப்படியைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அறிந்தே, கேட்காமல் எழுதியதற்காக வாங்கி உள்ளே வைத்துவிட்டார். இன்று ஈடு என்று போற்றப்படும் உரை அதுதான். அது பிறகு வெளியே வந்தது நம்பெருமாளின் நியமனத்தால் என்று மரபு சொல்கிறது. அனுமதி கேட்காமல் செய்த வேலைக்கு ஒரு குரு அணைப்பையும் இன்னொரு குரு பூட்டையும் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒரே பரம்பரையில். மதிப்பிடுகிறவரின் மனநிலை எத்தனை தூரம் உள்ளே புகுந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான ஒப்புதல் வேறு எந்த மரபிலும் இருக்குமா என்று தெரியவில்லை.

காவிரியின் தென்கரைக்கு வந்து, நூற்றாண்டுகள் பலவற்றைத் தாண்டினால், மலைக்கோட்டையின் நிழலில் இன்னொரு ஆசிரியர் இருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815இல் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி வட்டாரத்து அதவத்தூரிலும் சோமரசம்பேட்டையிலும் வளர்ந்து, திரிசிரபுரத்துக்கு வந்து, கிடைத்தவர்களிடமெல்லாம் கற்று, பிறகு தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கும் ஆசிரியரானவர். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் தெருவில் பிச்சையெடுத்துத் திரிந்தபோது, அவர் பின்னாலேயே அலைந்து, அவருக்கு வேண்டியதை வாங்கிக்கொடுத்துப் பாடம் கேட்டவர். அந்த ஏக்கம் தெரிந்தவர் ஆகையால், தம்மிடம் வந்த யாரையும் அவர் மனம் நோகச் சொன்னதில்லை என்று உ. வே. சாமிநாதையர் எழுதிய சரித்திரத்தைப் படிக்கிற நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. சொல்லின் கடுமை அவரிடம் இல்லை. அதனாலேயே வேறொரு குறை இருந்தது என்று எண்ணுகிறேன். பெரியவர்மேல் குற்றம் காண்பதாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. சான்று சாமிநாதையர் தந்ததுதான்.

பெங்களூரில் வல்லூர் தேவராச பிள்ளை என்ற செல்வர் இருந்தார். அவருக்குத் தமிழில் காவியம் செய்ய ஆசை. குசேலரின் கதையைச் செய்யுளாக்க முயன்று, மகாவித்துவானை வரவழைத்துத் திருத்தித்தரச் சொன்னார். பிள்ளை பார்த்தார். திருத்தினால் தேறாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அவரை வருத்தவும் மனமில்லை. என்ன செய்தார்? நூல் முழுவதையும் தாமே புதிதாகப் பாடிக்கொடுத்துவிட்டார். குசேலோபாக்கியானம் தேவராச பிள்ளையின் பெயரால் வெளிவந்தது. பாடமாக வைக்கப்பட்டுப் புகழும் பெற்றது. சூதசங்கிதைக்கும் இதே கதைதான்.

வள்ளன்மை என்றால் இது வள்ளன்மை. ஆனால் தேவராச பிள்ளை என்ன கற்றார்? தம் செய்யுளில் எது சரியில்லை என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. கையில் இருந்த வேலையைப் பிடுங்கித் தானே செய்து முடித்துத் திருப்பிக் கொடுப்பது ஆசிரியர்களுக்கு எப்போதும் உள்ள ஆசை. வல்லுநர்களுக்கு அது இன்னும் அதிகம், ஏனெனில் அவர்களுக்கு விளக்குவதைவிடச் செய்வது எளிது. தமிழுக்கு ஒரு நல்ல நூல் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஒரு மாணவர் கிடைக்கவில்லை.

அதே பிள்ளை, 1871இல் மாயூரத்தில், பதினாறு வயது இளைஞர் ஒருவரைச் சோதித்த விதம் இதற்கு நேர் எதிர். தந்தையோடு வந்த அந்த இளைஞரை நைடதத்திலிருந்து ஒரு பாடல் சொல்லச் சொன்னார். நடுக்கத்தோடு சொன்னதும் பொருள் சொல்லச் சொன்னார். நிகண்டு பாடமுண்டா என்று கேட்டார். பன்னிரண்டு தொகுதியும் பாடம் என்று பதில் வந்தபோது மகிழ்ந்தார். எல்லாம் சில நிமிடங்கள். ஆனால் கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். மனப்பாடம், பிறகு அதன் பொருள், பிறகு அடிப்படைச் சொல்வளம். இவருக்கு எங்கிருந்து பாடம் தொடங்கலாம் என்று தெரிந்துகொள்ளும் வரிசை அது. பலர் வந்து பாதியில் போய்விடுகிறார்கள் என்ற தம் தயக்கத்தையும் ஒளிக்காமல் சொன்னார். வந்தவருக்குத் தாம் எதில் சோதிக்கப்படப் போகிறோம் என்பது அப்போதே புரிந்துவிட்டது, நிகண்டிலல்ல, நிலைத்து நிற்பதில்.

பிள்ளை 1876இல் மறைந்தார். நான்கு ஆண்டு கழித்து, அவரிடம் திருச்சியில் படித்த பூவாளூர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற முனைந்தார். தம் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். செட்டியார் தம் ஆசிரியரைப் போன்றவர் அல்லர். கண்டிப்பானவர், சரக்கில்லாத வித்துவான்களை அவர் விட்டுவைப்பதில்லை. அவர் திருவாவடுதுறைக்கு நேரே போய், அங்கே இருந்த சாமிநாதையரை அனுப்பித்தர வேண்டும் என்று சுப்பிரமணிய தேசிகரிடம் கேட்டார். தேசிகருக்கு விட மனமில்லை. பிறகு இசைந்தார்.

கல்லூரித் தலைவர் கோபாலராவ். அங்கிருந்த ஆசிரியர்கள் சேர்ந்து புதியவரைச் சோதித்தார்கள். என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார்கள், பாடல் சொல்லிப் பொருள் சொல்ல வைத்தார்கள், அங்கேயே ஒரு செய்யுள் இயற்றச் சொன்னார்கள். மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. இவ்வளவும் தீர்ப்பின் பக்கம். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அடுத்தது. முதல் நாள் சாமிநாதையர் வகுப்பெடுத்தபோது செட்டியார் உடனிருந்தார். பரிந்துரைத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர் போய்விடவில்லை. மடத்தில் தம்பிரான்களுக்குப் பாடம் சொல்லிப் பழகிய ஒருவர், ஆங்கிலம் படிக்கும் கல்லூரி மாணவர்கள் முன்னால் எப்படி நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். புலமையை நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுச் சோதித்துவிடலாம். கற்பிப்பதை வகுப்புக்குள் இருந்துதான் பார்க்க முடியும்.

அந்தக் காலத்தில் அரசாங்கம் ஆசிரியரை அளந்த முறை வேறு என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1862இல் வந்த விதி, மாணவர்கள் தேறுவதைக் கணக்கிட்டுப் பள்ளிக்கு மானியம் கொடுத்தது. அதே வழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை நிறுத்திக் கேட்பார், எண்ணிக்கை எழுதிக்கொண்டு போவார். ஆசிரியர் என்ன செய்தார், எதை மாற்றினால் நலம் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. தொகை மட்டும் கூடும் அல்லது குறையும்.

இன்று பி.எட். படித்தவர்கள் எல்லாரும் கற்பித்தல் பயிற்சியின்போது வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டார்கள். அவர் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. குரல் தெளிவு, கரும்பலகைப் பயன்பாடு போதாது, மாணவர் பங்கேற்பு கூட வேண்டும். இந்தக் குறிப்பை எந்த வகுப்புக்கும் எழுதலாம். வகுப்புக்கு வராமலேகூட எழுதலாம். அதை வாசிக்கும் பயிற்சி ஆசிரியருக்கு நாளைக் காலையில் எதை வேறு மாதிரி செய்வது என்று ஒன்றும் தெரியாது. மாறாக இப்படி ஒரு குறிப்பை எண்ணிப் பாருங்கள். வெண்பாவைச் சீர் பிரித்துக் காட்டிவிட்டுப் புரிந்ததா என்று கேட்டீர்கள். முன்வரிசையில் நான்கு பேர் புரிந்தது என்றார்கள். உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டீர்கள். நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல், பின்வரிசைப் பையன் ஒருவனிடம் அடுத்த அடியைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நான்கு வரிதான். இதில் நடந்தது என்ன என்பது இருக்கிறது, அதனால் விளைந்தது இருக்கிறது, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கிறது. குரலைப் பற்றியும் கரும்பலகையைப் பற்றியும் அன்றைக்குப் பேசாமல் விட்டது அதைவிடப் பெரிய உபகாரம்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் முறை 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. சிறு வகுப்பு, சில நிமிடப் பாடம், உடனே கருத்துரை, மீண்டும் அதே பாடம். இந்தியாவில் என்.சி.இ.ஆர்.டி. அதற்கு ஒரு கால அளவு வகுத்தது. கற்பிக்க 6 நிமிடம், கருத்துரைக்கு 6, மறுபடி திட்டமிட 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் கருத்துரைக்கு 6. ஆக 36 நிமிடம். பெரிய பங்கு எங்கே போயிருக்கிறது என்று கவனித்தால் வகுத்தவர்களின் எண்ணம் விளங்கும். மதிப்பிட்டவர் பேசுவதற்கு 6 நிமிடம்தான். கேட்டவர் தனியே உட்கார்ந்து யோசிப்பதற்கு அதைப்போல் இரு மடங்கு. நடைமுறையில் பல இடங்களில் அந்த 12 நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது பயிற்சி பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

கும்பகோணத்துக்குத் திரும்பலாம். வேலையில் சேர்ந்த அதே 1880ஆம் ஆண்டு, அக்டோபர் 21, வியாழக்கிழமை. ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கச் சாமிநாதையர் போனார். யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னால் முகம் மலராதவர்களை அதுவரை சாமிநாதையர் கண்டதில்லை. முதலியாரிடம் அசைவில்லை. என்ன படித்தீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பெரிய பட்டியல் போயிற்று. இதெல்லாம் படித்து என்ன பயன் என்பது போல் ஒரு பதில் வந்தது. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்றார் இவர்.

பத்தாண்டு உழைத்த ஒருவரிடம், அதுவும் எல்லாச் சோதனைகளிலும் தேறி எட்டு மாதமாகக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவரிடம், இப்படிப் பேசியது கடுமைதான். முதலியாரின் நடையை எவருக்கும் முன்மாதிரியாகப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொருவராக இருந்தால் மனம் கசந்து அந்த வீட்டு வாசலையே மறந்திருப்பார். எதிரே இருந்தவர் சாமிநாதையர் என்பதால் பிழைத்தது. ஆனால் கடுமையோடு நின்றிருந்தால் நாம் அந்தச் சந்திப்பை இன்று பேசப் போவதில்லை. முதலியார் குறையை ஒரு நூலின் பெயரால் சொன்னார். பிறகு அந்த நூலின் கையெழுத்துப் பிரதியைத் தேடிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அதோடும் விடாமல், இதை எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். மதிப்பிட்டவரே மாணவராக ஆகிவிட்டார். தெரியாத நூலை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற கட்டாயம்தான் சாமிநாதையரை நச்சினார்க்கினியர் உரைக்குள்ளும் சமணர் வீடுகளுக்குள்ளும் துரத்தியது. சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. அதற்குப் பின் வந்தவை உங்களுக்குத் தெரியும்.

இந்த மூவரில் யாருடைய சொல் சாமிநாதையரை ஆக்கியது என்று கேட்டால் பதில் எளிதல்ல. மாயூரத்துச் சில நிமிடக் கேள்விகள் இல்லாவிட்டால் படிப்பே இல்லை. முதலியார் இல்லாவிட்டால் பதிப்புகள் இல்லை. நடுவில் இருந்த செட்டியார் அவருக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. இருப்பதைச் சரியாகப் பார்த்து, அது எங்கே பயன்படும் என்று சொல்லி, அங்கே கொண்டுபோய் நிறுத்தி, கொஞ்ச நேரம் உடன் இருந்தார். அவ்வளவுதான்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய சாமிநாதையர், திருவல்லிக்கேணியில் பிள்ளையார் கோயில் தெருவில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். சங்க நூல்கள் பலவற்றின் பதிப்பு வேலை நடந்த வீடு அது. 2012இல் அதை இடித்துவிட்டார்கள்.